மைலோ டின்னுக்குள் ஒரு கைப்பேசி: ஈசூன் திரையிடல் மாலைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

முதல் மாலைக்கு 22 பேர் வந்தார்கள். கேசரி தீர்ந்தபோது அறையில் மிச்சம் 9 பேர். அந்த ஒன்பதில் ஐந்து பேர் ஏற்பாட்டாளர்களான நாங்களே.

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் சின்ன அறை அது. பகலில் மூத்தோர் உடற்பயிற்சி, சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் துணைப்பாடம், மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை எங்களுக்கு. குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மருத்துவமனைத் தாதி ஒருவர், படம்பிடிக்கப் படிக்கும் ஒரு தம்பி, கணக்குப் பார்க்கும் வேலையில் இருப்பவர் ஒருவர், அப்புறம் மொழிபெயர்ப்பு செய்து பிழைக்கும் நான். அன்றாட வாழ்க்கையில் மனித உரிமை எங்கே இருக்கிறது என்று தமிழில், ஒரு படத்தைப் போட்டு, உட்கார்ந்து பேசிப் பார்க்கலாம் என்பதுதான் யோசனை. நான்கு மாலைகள் நடத்தினோம். நடுவில், லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் தனியாக ஒன்று. அவற்றில் நடந்ததை எழுதி வைக்கிறேன். முக்கியமாக, மூன்றாவது மாலையில் நான் செய்த தப்பை.

முதல் மாலை விழுந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. பாடம் நடத்தினோம். உலக மனித உரிமைப் பிரகடனம்: 1948 டிசம்பர் 10, ஐநா பொதுச்சபை, 30 பிரிவுகள், திரையில் ஒவ்வொன்றாக. சிங்கப்பூர் எந்த உடன்பாடுகளில் சேர்ந்திருக்கிறது என்று ஒரு பக்கம்: பெண்களுக்கு எதிரான பாகுபாடு, சிறுவர் உரிமை, இரண்டும் 1995, உடற்குறையுள்ளோர் உரிமை 2013, இனப்பாகுபாடு 2017. எல்லாம் சரியான தகவல்தான். ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை. பாதியில் ஓர் அங்கிள் எழுந்து, "இதெல்லாம் சரிம்மா, கீழ் வீட்டுக்காரன் சிகரெட் புகை என் சன்னலுக்குள்ள வருது, அதுக்கு எந்தப் பிரிவு?" என்று கேட்டார். நாங்கள் சிரித்துச் சமாளித்து அடுத்த பக்கத்துக்குப் போனோம். அன்று மாலை கேட்கப்பட்ட ஒரே உருப்படியான கேள்வி அது என்பது வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது மாலைக்கு உரையே வேண்டாம் என்று முடிவு செய்தோம். தம்பி மூன்று நிமிடத்தில் ஒரு படம் எடுத்திருந்தான். இளம் தம்பதி வாடகை வீடு தேடித் தொலைபேசியில் பேசுகிறார்கள். முகவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்து, பெயரைக் கேட்டதும், "சாரி, ஓனர் இந்தியர் வேண்டாங்கிறார்" என்கிறார். அவ்வளவுதான் படம். விளக்கைப் போடுவதற்குள் ஆளாளுக்குக் கதை. ஒருவர் ஐந்து வீடு பார்த்தாராம், நான்கில் இதே பதில். "சமைப்பீங்களா?" என்ற கேள்வியை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து பேச்சு தானாகவே 2011 ஆகஸ்டுக்குப் போனது. அதற்குச் சில வருடங்களுக்கு முன், சீனாவிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு குடும்பம், பக்கத்து இந்தியக் குடும்பத்தின் கறி வாசனை தாங்கவில்லை என்று சமூக சமரச நிலையத்துக்குப் போனது. அண்டை வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பதாக இந்தியக் குடும்பம் ஒத்துக்கொண்டது. அந்த ஆகஸ்டில் செய்தி வெளியானதும் தீவே கொதித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கறி சமைத்துப் பகிர்ந்துகொள்வோம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு வந்து, பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர் வீடுகளிலும் அன்று கறி. எங்கள் அறையில் இருந்த ஓர் ஆண்ட்டி அன்றைக்குத் தான் வைத்த மீன்தலைக் கறியின் செய்முறையையே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அறை நிறைந்திருந்தது, வடை இரண்டு முறை வாங்கி வர வேண்டியிருந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டோம்: ஆகா, பிடித்துவிட்டோம்.

இப்போது யோசித்தால் அந்த மாலையில் எதுவுமே நடக்கவில்லை என்று தோன்றுகிறது. எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தோம். பறித்தவன் வெளியே எங்கோ இருந்தான். பறிகொடுத்தவர்கள் அறைக்குள் இருந்தோம். இந்த ஊரில் நாம் சிறுபான்மை. நம்மிடம் சொல்ல நிறைய இருக்கிறது, அதைச் சொல்வதில் தப்பும் இல்லை. ஆனால் அப்படிப்பட்ட பேச்சில் யாருக்கும் வேர்ப்பதில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் மூன்றாவது படம்.

டின்

படம் பன்னிரண்டு நிமிடம். முழுக்க ஒரு சமையலறை. பணிப்பெண் பாத்திரம் தேய்க்கிறார், மீன் அரிகிறார், பாட்டிக்குக் கஞ்சி ஆற்றுகிறார். அவருடைய கைப்பேசி மேல் அலமாரியில், பழைய மைலோ (சாக்லேட் பானத் தூள்) டின்னுக்குள். இரவு ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை அதை எடுத்துக்கொள்ளலாம். வீட்டுக்கார அம்மா கத்துவதில்லை, அடிப்பதில்லை, "சாப்பிட்டியா?" என்று அக்கறையாகக்கூடக் கேட்கிறார். வில்லன் கூடாது என்பதில் தம்பி கறாராக இருந்தான். "கொடுமைக்காரியைக் காட்டினா எல்லாரும் 'ஐயோ பாவம், நாங்க அப்படி இல்லப்பா'ன்னு எந்திரிச்சுப் போயிடுவாங்க" என்றான். இருபது வயதுப் பையனுக்கு இவ்வளவு தெரிகிறதே என்று அப்போது நினைத்தேன். கடைசிக் காட்சியில் மதியம் மூன்று மணி. வீட்டில் வேறு யாரும் இல்லை, பாட்டி தூங்குகிறார். டின்னுக்குள் கைப்பேசி அதிர்கிறது. தகர டின் என்பதால் அலமாரி முழுக்க டர்ர்ர் என்று எதிரொலிக்கிறது. அந்தப் பெண் அண்ணாந்து பார்க்கிறார். படம் முடிகிறது.

படத்தைப் பொதுவில் போடுவதற்கு முன் வகைப்படுத்தலுக்கு அனுப்ப வேண்டும். திரைப்படச் சட்டப்படி அது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் வேலை. அதில் சிக்கல் இல்லை. யோசிக்க வைத்தது வேறொன்று. உள்ளரங்கில் நடக்கும் பொதுக் கூட்டத்துக்குக் காவல்துறை அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. அதற்கு இருக்கும் நிபந்தனைகளில் ஒன்று, பேச்சாளர்கள் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும் என்பது. 2016-ல் ஓர் உள்ளரங்கக் கலந்துரையாடலில் ஹாங்காங் ஆர்வலர் ஒருவர் ஸ்கைப் வழியாகப் பேசினார். அதற்கு அனுமதி வாங்காத ஏற்பாட்டாளருக்கு 2019-ல் நீதிமன்றம் அபராதம் விதித்தது. ஆக, ஒரு பணிப்பெண்ணைப் பேச்சாளராக அறிவித்து உட்கார வைப்பதென்றால் முன்கூட்டியே அனுமதி கேட்டுத்தான் செய்ய முடியும். நாங்கள் கேட்கவில்லை. பேச்சாளர் பட்டியலில் எங்கள் தாதியும் கணக்காளரும் மட்டும். பணிப்பெண்களைப் பற்றிய மாலையில் பணிப்பெண் பார்வையாளர் வரிசையில்தான். இது அப்போதே நெருடியது. அந்த நெருடல்தான் என்னைத் தப்பான இடத்துக்குக் கொண்டுபோனதோ என்னவோ.

படம் முடிந்ததும் நீண்ட அமைதி. இரண்டாவது மாலையில் முந்திக்கொண்டு பேசியவர்களே காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் ஓர் அம்மா ஆரம்பித்தார்: "போன் கொடுத்தா பாய்ஃபிரெண்டு. பாய்ஃபிரெண்டு வந்தா பாண்டு போச்சு. ஐயாயிரம் யார் கட்டறது?"

தீவு முழுக்க இதே கணக்குதான். இங்கே ஏறத்தாழ 300,000 பணிப்பெண்கள் வேலை செய்கிறார்கள். மலேசியர் தவிர்த்து ஒவ்வொருவருக்கும் முதலாளி அரசுக்கு 5,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) பாதுகாப்புப் பிணை கொடுக்க வேண்டும், அதுதான் அந்த 'பாண்டு'. கணக்காளர் பொறுமையாக விளக்கினார். யாரும் ஐயாயிரத்தை எண்ணி மேசையில் வைப்பதில்லை, காப்புறுதி நிறுவனம் உத்தரவாதம் தருகிறது. பணிப்பெண் தன் வேலை பெர்மிட் நிபந்தனையைத் தானாக மீறினால், அந்த நிபந்தனைகளை அவரிடம் சொல்லி வைத்து, மீறல் தெரிந்ததும் மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்த முதலாளியின் பிணை போகாது. இந்த மாற்றம் 2010-லேயே வந்துவிட்டது. காணாமலே போய்விட்டாலும், தேடிப் பார்த்துப் போலீசில் புகார் கொடுத்திருந்தால் பாதிதான் போகும். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்படின்னாலும்…" என்றார். அந்த "அப்படின்னாலும்" எனக்கு முக்கியமாகப் பட்டது. பிணைத்தொகை போய்விடும் என்ற பயத்தைக் கழற்றி வைத்த பிறகும் டின் டின்னாகவே இருந்தது. பயம் காரணம் இல்லை, பழக்கத்துக்குக் கிடைத்த நல்ல சாக்கு.

ஓய்வு நாள் பற்றிய பேச்சு இன்னும் சூடாகப் போனது. பணிப்பெண்கள் வேலை நியமனச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவர்களுக்கு வேலை நேர வரம்பு கிடையாது. வாரம் ஒரு ஓய்வு நாள் என்ற விதி 2013 ஜனவரியில்தான் வந்தது, அதையும் இருவரும் ஒத்துக்கொண்டால் காசாக மாற்றிக்கொள்ளலாம். 2023 ஜனவரி முதல் மாதத்தில் ஒரு நாளையாவது காசாக மாற்ற முடியாது, விட்டே ஆக வேண்டும். "காசு குடுத்துட்டா அவளுக்கும் லாபந்தானே" என்றார் ஒருவர். எவ்வளவு என்று கணக்காளர் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுக்க வேண்டும். 650 வெள்ளி சம்பளம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை 25 வெள்ளி. சிகரெட் புகை அங்கிள் பின்வரிசையிலிருந்து, "இருபத்தஞ்சா? நம்ம ஆள் டாக்சியில சாங்கி போயிட்டு வந்தாலே அதுக்கு மேல ஆகுமே" என்றார். சிரிப்பு. அறை இளகியது.

இளகியதும் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

முன்வரிசை ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஓர் ஆத்தா. எண்பதைத் தாண்டியவர், எல்லா மாலைக்கும் வருபவர். பின்னால் அவருடைய பணிப்பெண், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். பக்கத்து நாற்காலியில் ஆத்தாவின் மகள், அதாவது அந்தப் பெண்ணின் முதலாளி. நான் நேராகக் கேட்டேன்: "தங்கச்சி, நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அவர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். நான் விடவில்லை. "சும்மா சொல்லுங்க, நம்ம வீடு மாதிரிதான்" என்றேன். எழுதும்போதே கூசுகிறது. அவர் மெதுவாக, சிரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க வீட்ல மைலோ டின் இல்லக்கா. ஃப்ரிட்ஜ் மேல."

அறை வெடித்துச் சிரித்தது. அன்றைக்குச் சொல்லப்பட்டதில் ஆகச் சிறந்த வரி அதுதான், சந்தேகமில்லை. மகள் சிரிக்கவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், மூடினார், மறுபடி திறந்தார். பத்து நிமிடத்தில், ஆத்தாவுக்கு மருந்து நேரம் என்று சொல்லிக் கிளம்பினார்கள். ஆத்தா கேசரி வேண்டும் என்று கேட்டதும், சக்கர நாற்காலி நிற்காமல் போனதும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறு வாரம் மகளுக்குத் தொலைபேசினேன். "அவ ஊருக்குப் போயிட்டா" என்றார். ஒப்பந்தம் முடிந்திருந்ததா, அன்றைய சிரிப்புதான் காரணமா? கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. ஆனால் விதி எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெரியும். முதலாளி எப்போது வேண்டுமானாலும் பெர்மிட்டை ரத்து செய்யலாம். பணிப்பெண் வேறு வீட்டுக்கு மாற வேண்டுமென்றால் பொதுவாக இப்போதைய முதலாளியின் சம்மதம் வேண்டும். அதாவது அந்த அறையில் எல்லாரும் கருத்து சொன்னார்கள், விலை கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் நான் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

குழுவுக்குள் இது பெரிய சண்டையானது. ஆசிரியர், "அவங்களே விருப்பப்பட்டுத்தானே சொன்னாங்க" என்றார். தாதிக்குக் கோபம் வந்துவிட்டது: "மருத்துவமனையில நோயாளிகிட்ட விசாரிக்கணும்னா முதல்ல கூட இருக்கிறவங்கள வெளிய அனுப்புவோம். அது கூடத் தெரியாதா நமக்கு?" நான் எதுவும் சொல்லவில்லை. தாதி சொன்னதுதான் சரி.

தேக்காவில் சோறு

அடுத்த மாதம் கீழ்த்தள அறையை விட்டுவிட்டோம். பொது அழைப்பு இல்லாமல், தெரிந்த வெளிநாட்டு ஊழியர்கள் எட்டுப் பேருடன் மட்டும், ஞாயிறு மாலை சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு நண்பரின் கடை மாடியில் உட்கார்ந்தோம். காயப்பட்டும் சம்பள வழக்கிலும் வேலையில்லாமல் நிற்கும் ஊழியர்களுக்கு கஃப் ரோடு பக்கம் 2008 முதல் இலவசச் சாப்பாடு போட்டு வரும் தொண்டூழியர்கள் பற்றி இவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதில் ஒருவர் முன்பு அங்கே சாப்பிட்டவர்.

லாரி பற்றிப் பேசலாம் என்று தயாராகப் போயிருந்தோம். ஊழியர்களை லாரியின் பின்பக்கம் ஏற்றிச் செல்வது இந்த ஊரில் பல வருடத்து விவாதம். 2021 ஏப்ரலில் பிஐஇ விரைவுச்சாலையில் நின்றிருந்த டிப்பர் மீது ஊழியர் லாரி மோதி, பின்னால் இருந்தவர்களில் இருவர் இறந்த பிறகு அது இன்னும் வலுத்தது. தம்பி மழையில் போகும் லாரியின் பின்புறத்தை இரண்டு நிமிடம் படமாக்கி வைத்திருந்தான். போட்டோம். எட்டுப் பேரும் மரியாதையாகப் பார்த்தார்கள். "ஆமாண்ணே, கஷ்டந்தான்" என்று ஒருவர் சொன்னார். அதோடு சரி.

பேச்சு எங்கே திறந்தது என்றால், தம்பி வாங்கி வந்த பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தபோது. சுடச்சுட இருந்தது. புதுக்கோட்டைக்காரர் ஒருவர் ஆவி வருவதைப் பார்த்துவிட்டு, "எங்க சோறு விடியக்காலை நாலு மணிக்கு வந்துரும்ணே. பன்னெண்டு மணிக்குத்தான் பிரிப்போம்" என்றார். பொட்டலத்தை வேலையிடத்தில் கம்பியில் தொங்கவிடுவார்களாம், எலி தொடாமல் இருக்க. வெயிலில் எட்டு மணி நேரம். சாம்பார் என்றால் புளித்துவிடும். தயிர்சாதம் புளித்தாலும் சாப்பிட்டுவிடலாம், அதனால் தயிர்சாதத்துக்குப் போட்டி. பொட்டலத்தைத் திறந்ததும் முதலில் மோந்து பார்ப்பது எப்படி என்று செய்தே காட்டினார்: மூடியை ஒரு விரல் அளவு மட்டும் தூக்கி, முகத்தை ஒதுக்கி. கூட இருந்த ஏழு பேரும் அதே மாதிரி செய்து சிரித்தார்கள். அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் சோறுதான். பிரகடனத்தின் 25-ஆம் பிரிவில் உணவும் வருகிறது. அதை அங்கே சொல்ல நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை, நல்லவேளையாக.

லாரி முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. லாரி, அதைச் சாலையில் பார்க்கிற நம் கண்ணுக்குப் படுவது. சோறு அவர்கள் மூக்கில் படுவது. எந்தப் படத்தைப் போடுவது என்பதை நாங்களே முடிவு செய்துகொண்டு போனால், எங்கள் கண்ணுக்குப் பட்டதைத்தான் அவர்களுக்கும் காட்டிக்கொண்டிருப்போம். எட்டுப் பேரில் இருவரிடம் அடுத்த முறை நீங்களே கைப்பேசியில் எடுங்கள் என்று கேட்டோம். ஒருவர் எடுத்து அனுப்பியது: கம்பியில் வரிசையாகத் தொங்கும் பைகள், காற்றில் லேசாக ஆடுகின்றன, நாற்பது நொடி. முகம் இல்லை, இடப் பெயர் இல்லை. அதில் அவர் கவனமாக இருந்தார். நாங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மறுபடியும் டின்

நான்காவது மாலை பழைய அறைக்கே திரும்பினோம். அதே டின் படம். ஆனால் விதிகள் மாறியிருந்தன. முதலாளியும் பணிப்பெண்ணும் சேர்ந்து வந்திருந்தால் பணிப்பெண்ணிடம் கேள்வி கிடையாது. யாரும் தன் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம். படத்து வீட்டைப் பற்றி மட்டும். கைப்பேசி அதிரும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, முன்னால் ஒரு மேசை, மேசைமேல் நிஜமாகவே ஒரு மைலோ டின். உள்ளே தம்பியின் கைப்பேசி. விருப்பப்பட்டவர்கள் எழுந்து வந்து, அந்த வீட்டில் இருக்கும் யாராக வேண்டுமானாலும் ஆகிக்கொண்டு, அடுத்து என்ன செய்வார்கள் என்று செய்து காட்டலாம்.

இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால் வளர்த்த வழி. சிங்கப்பூரில் இதற்கென்று ஒரு தனிக் கதை உண்டு: 1994-ல் இந்த வகை நாடகத்துக்கு அரசு நிதி நிறுத்தப்பட்டது. எழுதப்பட்ட வசனம் இல்லாமல் பார்வையாளர் எழுந்து என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதுதான் அப்போது கவலை. கிட்டத்தட்ட பத்து வருடம் கழித்துத் தடை விலகியது. நிதி கேட்கும் அளவுக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை, ஒரு டின்தான்.

தம்பி பின்னால் நின்று அழைத்தான். டின் மேசைமேல் டர்ர்ர் என்றது. யாரும் அசையவில்லை. நின்றது. மறுபடி அழைத்தான். இந்த முறை பாண்டு பற்றிப் பேசிய அதே அம்மாவின் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தார், நாற்பது வயதிருக்கும். "நான் வீட்டுக்கார அம்மா" என்று அறிவித்துவிட்டு டின்னைத் திறந்தார். கைப்பேசியை எடுத்தார். யார் அழைப்பது என்று பார்த்தார். இதோ கொடுக்கப் போகிறார் என்று எல்லாரும் நிமிர்ந்தோம். அவர் பேசாமல் திரும்ப உள்ளே போட்டு மூடியை அழுத்தினார்.

"ஏங்க?" என்றார் ஆசிரியர்.

"மாமியார் முழிச்சிட்டாங்க."

படத்தில் பாட்டி தூங்கிக்கொண்டிருந்தார். இவர் எழுப்பியிருந்தார். சிரிப்பு வந்தது, ஆனால் போன தடவை மாதிரி இல்லை. பெண்கள் பக்கத்திலிருந்து மட்டும், தாழ்வாக. டின்னை அங்கே வைத்தது யார் என்ற கேள்வியை நாங்கள் யாருமே அதுவரை கேட்டிருக்கவில்லை. வீட்டுக்கார அம்மாதான் என்று படம் எடுத்த தம்பியும் நினைத்திருந்தான், நாங்களும் நினைத்திருந்தோம். அடுத்து இன்னொருவர் கணவனாக வந்து, "எனக்கு இதெல்லாம் தெரியாது, நீங்க பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். ஒரு வார்த்தை மிகையில்லை. அவர் மனைவி கைதட்டினார்.

சிகரெட் புகை அங்கிள் பாட்டியாக நடித்தார். படுத்த மாதிரி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தச் சனியன எடுத்து அவகிட்டக் குடு, எனக்குத் தூக்கம் வரலை" என்றார். மிக எளிதான தீர்வு. அதுவரை யாருக்கும் தோன்றாதது.

ஆத்தாவும் அன்று வந்திருந்தார். மகள் வரவில்லை. கூட வந்தது புதுப் பணிப்பெண், மியன்மாரைச் சேர்ந்தவர், தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேசரித் தட்டை நீட்டினேன், வாங்கிக்கொண்டார். மூன்றாவது முறை டின் அதிர்ந்தபோது அறையில் எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். அவர் மட்டும் குனிந்து, ஆத்தாவின் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தார்.